தலையெழுத்தும் தலைப் படமும்

திருவண்ணாமலையில் வசிப்பவர்களுக்குப் பிறருடைய தலைகளைப் பார்க்கும் பாக்கியம் சற்று அதிகம். பௌர்ணமி தோறும் ஆயிரமாயிரமாய் ஜனங்கள் வந்து 14 கிலோமீட்டர் தூரம் மலையை வலம் வருகிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஜடாமுடி தரித்த சாதுக்கள் உண்டு. சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள் உண்டு. எண்ணெய் தடவி வகிடெடுத்த தலைகளும், நெற்றியிலிருந்து மெல்ல மெல்லப் பின்வாங்கிக் கொண்டிருக்கும் தலைகளும் உண்டு. 1896-ஆம் வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி இவ்வூரில் வந்திறங்கிய வேங்கடராமன் என்ற 16 வயதுப் பிள்ளை அன்றைக்கே தன் குடுமியை மழித்துவிட்டார். பின்னர் உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்தது. தலைமுடியைத் துறப்பது இவ்வூருக்குப் புதிய காரியமன்று.

ஆயினும் மனமுவந்து கொடுக்கும் முடி வேறு; கேளாமலே போகும் முடி வேறு. முன்னதில் புண்ணியம் கிடைக்கிறது; பின்னதில் கவலைதான் மிச்சம்.

சென்ற ஆண்டு உறவினர் குழந்தை ஒன்றுக்கு முடி இறக்கும்போது நானும் அருகில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த மணையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வேண்டுதலுக்காகத் தலையைக் குனிந்திருந்தார். முப்பது வருஷமாகக் கத்தி பிடித்துப் பழகிய நாவிதர் அவரிடம், "ஐயாவுக்கு இன்னும் நாலைந்து வருஷத்தில் உச்சி தெரிய ஆரம்பித்துவிடும்" என்றார். எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். "பிடரியில் கத்தி அறுத்துக்கொண்டு போகிறது; உச்சியில் வழுக்கிக்கொண்டு போகிறது. கைக்குத் தெரியாதா?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

இன்றைய விஞ்ஞானம் பூதக்கண்ணாடிகளையும் படக் கருவிகளையும் வைத்துக்கொண்டு செய்யும் பரீட்சையும் ஏறக்குறைய இதுவேதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும்படி செய்தவன் என்னுடைய பழைய மாணவன் ஒருவன்.

கையில் ஒரு படம்

தீபத் திருவிழா முடிந்த வாரத்தில் ஒரு மாலை அவன் என் வீட்டுக்கு வந்தான். வயது 24. வேலையில் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறது. பள்ளியில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கின பிள்ளை. அன்றைக்கோ நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான்.

"ஸார், இதைப் பாருங்கள். இது என் தலை."

பார்த்தேன். பழுப்பு நிலத்தில் அங்கங்கே கறுப்புக் கோடுகள், நடுநடுவே வெட்டவெளி. வறட்சி கண்ட புன்செய்க் காட்டை ஆகாயத்திலிருந்து பார்த்தாற்போல் இருந்தது. கேச சிகிச்சை செய்வதாக விளம்பரம் செய்யும் ஒரு நிலையத்தில் எடுத்த படமாம். "நான்காம் படிக்கு வந்துவிட்டது, இப்போதே முடி நடாவிட்டால் முப்பது வயதுக்குள் ஒன்றும் மிஞ்சாது" என்று சொல்லி, எண்பதினாயிரம் ரூபாய்க்கு மதிப்புப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தொகையைக் கடன் வாங்கலாமா என்று கேட்கத்தான் அவன் வந்திருந்தான்.

"தம்பி, இந்தப் படம் தலையில் எந்த இடத்தில் எடுத்தது?" என்று கேட்டேன்.

"தெரியாது, ஸார்."

"எத்தனை மடங்கு பெரிதாக்கியது?"

"சொல்லவில்லை, ஸார்."

"பிடரியிலும் ஒரு படம் எடுத்தார்களா?"

"இல்லை, ஸார்."

அளவுகோல் இல்லாத தேசப்படத்தைக் காட்டி, காஞ்சிபுரம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் எந்த மாணவனும் பதில் சொல்ல முடியாது. இடமும் அளவும் ஒப்பீடும் இல்லாத அந்தப் படத்திலிருந்து இந்தப் பிள்ளை தன் எதிர்காலத்தையே வாசித்துவிட்டான்! அன்று முதல் இந்த விஷயத்தைப் பற்றிப் படித்தும், தோல் வைத்தியர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன். இதே காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கமின்றி இருக்கும் பிள்ளைகளும் பெண்களும் நம் வீடுகளில் அநேகர் இருக்கிறார்கள்.

வழுக்கை என்பது என்ன?

மனிதனுடைய தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள் உண்டு. ஒவ்வொரு மயிர்க்காலும் தனக்கென ஒரு பஞ்சாங்கம் வைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு முதல் ஆறு வருஷம் வரையில் முடி வளர்கிறது. மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளுகிறது. பிறகு இரண்டு மூன்று வாரம் ஒடுங்குகிறது, ஏறக்குறைய மூன்று மாதம் ஓய்ந்திருக்கிறது, பின்பு உதிர்கிறது. அதே காலிலிருந்து புது முடி கிளம்புகிறது. ஆகையால் நாள் ஒன்றுக்கு 50 முதல் 100 முடி வரையில் சீப்பில் வருவது இயற்கையே. அதைப் பார்த்து நடுங்க வேண்டியதில்லை.

பரம்பரை வழுக்கையில் நடப்பது வேறு. அதில் மயிர்க்கால் திடீரென்று செத்துப் போவதில்லை. தலைமுறைக்குத் தலைமுறை சிறுத்துப் போகிறது. ஒரே வயலில் போகத்துக்குப் போகம் பயிர் குட்டையாகி, தண்டு மெலிந்து, கடைசியில் புல்லைப் போல் ஆகிவிடுவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கம்பி போல் தடித்த முடி வளர்ந்த காலிலே அடுத்த சுற்றில் நூல் போன்ற முடி வளர்கிறது. அதற்கடுத்த சுற்றில் பூனை முடி வளர்கிறது. வளரும் காலமும் வர வரக் குறுகுகிறது. எண்ணிக்கை குறைவதற்கு முன்னால் தடிமன் குறைகிறது என்பதே இதில் முக்கியமான விஷயம்.

இதற்குக் காரணம் என்ன? இளமையில் விதையடிக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதைக் கிரேக்க வைத்தியரான ஹிப்போகிரட்டீஸ் சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்னமே கவனித்தார். அமெரிக்க ஆராய்ச்சியாளரான ஜேம்ஸ் ஹாமில்டன் 1942-ல் அதைப் பரிசோதித்து நிரூபித்தார். அத்தகையவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனைச் செலுத்தியபோது, பரம்பரையில் வழுக்கை உள்ளவர்களுக்கு மட்டும் முடி மெலியத் தொடங்கிற்று. ஆகவே வித்து குடும்பத்தில் இருக்க வேண்டும்; ஹார்மோன் அதை முளைக்கச் செய்ய வேண்டும். இந்த ஹார்மோன் உடம்பில் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் என்ற பொருளாக மாறுகிறது. அதுதான் உச்சியிலும் முன்னந்தலையிலும் உள்ள மயிர்க்கால்களைச் சிறுக்கச் செய்கிறது. அம்மாற்றத்தைச் செய்யும் நொதி பிறவியிலேயே குறைந்த சிலரை டொமினிகன் குடியரசில் கண்டு, 1974-ல் அறிவித்தார்கள். அவர்களுக்கு வழுக்கை விழவில்லை.

நம் ஊர்க் கிணற்று நீரின் மேலும், புதுச் சோப்பின் மேலும், ராக்கண் விழிப்பின் மேலும் நாம் சுமத்தும் பழியில் பெரும்பகுதி அநியாயம் என்பது இதிலிருந்து விளங்கும். பிடரி முடியோ அந்தப் பொருளுக்கு மசிவதில்லை. எத்தனை பெரிய வழுக்கைத் தலையிலும் பின்புறத்தில் பிறை போல ஒரு வேலி நிற்பதன் ரகசியம் அதுவே. நம் நாவிதரின் கத்தி கண்டுபிடித்த வித்தியாசமும் அதுவே.

படிகளும் பரீட்சகர்களும்

வழுக்கையின் கடுமையை எப்படி அளப்பது? முதலில் கண்ணாலேயே அளந்தார்கள். மேற்சொன்ன ஹாமில்டன் 1951-ல் ஆண்களின் வழுக்கையைப் படி படியாக வகுத்தார். நார்வுட் என்பவர் 1975-ல் அதைத் திருத்தி ஏழு படிகளாக்கினார். நெற்றியின் இரு ஓரங்களும் உள்வாங்குவதும், உச்சிச் சுழியில் வட்டம் விழுவதும், இரண்டும் கூடி ஒன்றாவதும் அவற்றில் வரிசையாய் அமைகின்றன. பெண்களின் விஷயம் வேறு. அவர்களுக்கு நெற்றிக் கோடு பெரும்பாலும் அப்படியே நிற்கும். வகிடுதான் அகன்றுகொண்டே போகும். அதை லுட்விக் என்பவர் 1977-ல் மூன்று படிகளாக வகுத்தார்.

இந்தப் படிகளால் பிரயோஜனம் உண்டு. ஆனால் ஒரே கட்டுரைக்கு ஓர் ஆசிரியர் 40 மார்க்கும் மற்றோர் ஆசிரியர் 55 மார்க்கும் போடுவதை எங்கள் தொழிலில் அன்றாடம் பார்க்கிறோம். தலைக்கு மார்க் போடுவதிலும் அப்படித்தான். ஒரு வைத்தியர் மூன்றாம் படி என்பதை மற்றொருவர் நான்காம் படி என்பார். தவிர, ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகப் பல வருஷம் ஆகலாம். மருந்து பலித்ததா இல்லையா என்று ஆறே மாதத்தில் தெரிய வேண்டுமானால், ஏழு படி ஏணி போதாது. அதைவிட நுணுக்கமான கோல் வேண்டும்.

அந்தக் கோல்தான் தலைத்தோல் படம்.

கண்ணாடி வழியே தெரிவது

தோல் வைத்தியர்கள் உபயோகிக்கும் கைக்கண்ணாடி ஒன்று உண்டு. அதில் விளக்கும் பொருந்தியிருக்கும். பொருளைச் சுமார் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும். தோலின் பளபளப்பை அடக்கி, உள்ளிருப்பதைத் தெளிவாக்கும். படப்பெட்டியோடு இணைந்த கருவிகள் 20 மடங்கும் 70 மடங்கும் பெரிதாக்கும். ஊசி இல்லை, கத்தி இல்லை, நோவும் இல்லை. தலைமுடியை இவ்விதம் ஆராயும் முறைக்கு 2006-ல் போலந்து நாட்டு வைத்தியர்கள் 'டிரைகாஸ்கோப்பி' என்று பெயரிட்டார்கள்.

இதில் வைத்தியர் முதலில் தேடுவது வெட்டவெளியை அன்று. முடிகளுக்குள் உள்ள ஏற்றத்தாழ்வை. ஆரோக்கியமான தலையில் முடிகள் ஏறக்குறைய ஒரே தடிமனாக இருக்கும். பரம்பரை வழுக்கை தொடங்கிய இடத்திலோ தடித்ததும் நடுத்தரமும் மெலிந்ததும் கலந்து நிற்கும். நூற்றில் 20-க்கு மேற்பட்ட முடிகள் இவ்வாறு தடிமனில் வேறுபட்டால், மயிர்க்கால்கள் சிறுத்து வருகின்றன என்பதற்கு அது அடையாளம் என்று 2001-ல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் தெரிவித்தார்கள். இரண்டாவது அடையாளம், ஒரு காலுக்கு எத்தனை முடி என்பது. இரண்டும் மூன்றுமாய்க் கொத்தாகக் கிளம்ப வேண்டிய இடத்தில் ஒற்றை முடிகள் மிகுந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். முடியைச் சுற்றிப் பழுப்பு வளையமும், வெறுமையான கால்களில் மஞ்சள் புள்ளிகளும் வேறு சில அடையாளங்கள்.

பெண்களைப் பற்றிப் போலந்து வைத்தியர்கள் 2009-ல் ஒரு கணக்கு வகுத்தார்கள். 0.03 மில்லிமீட்டருக்கும் மெலிந்த முடிகள் முன்னந்தலையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருப்பதும், முன்னந்தலை முடியின் சராசரித் தடிமன் பிடரி முடியைவிடக் குறைந்திருப்பதும் அதில் முக்கியமான குறிகள்.

இங்கே பிடரி மறுபடியும் வருவதைக் கவனியுங்கள். ஒருவருக்குப் பிறவியிலேயே அடர்ந்த முடி. மற்றொருவருக்கு ஐதான முடி. பிறர் தலையோடு ஒப்பிட்டால் நியாயம் கிடைக்காது. அவரவர் பிடரியே அவரவருக்கு அளவுகோல். பிடரியில் எடுக்காத படம் பாதிப் படம்தான்.

மகசூல் கணக்கு

எண்ணிக்கை தேவைப்படும்போது இன்னொரு முறையைக் கையாளுகிறார்கள். முடி அடர்ந்த பகுதிக்கும் ஐதான பகுதிக்கும் நடுவே, சுமார் 1.8 சதுர சென்டிமீட்டர் அளவுள்ள சிறு வட்டத்தை மட்டும் ஒட்டக் கத்தரிக்கிறார்கள். மூன்று நாள் கழித்து அவ்விடத்தைப் படம் பிடிக்கிறார்கள். முடி நாளுக்குச் சுமார் மூன்றில் ஒரு மில்லிமீட்டர் வளர்வதால், மூன்று நாளில் ஒரு மில்லிமீட்டர் நீண்டிருக்கும். நீண்டவை வளரும் முடிகள். நீளாதவை ஓய்ந்த முடிகள். ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை முடி, அவற்றில் நூற்றுக்கு எத்தனை வளர்கின்றன, தடிமன் என்ன என்று கணக்கிடுகிறார்கள். இந்த எண்ணும் வேலையைக் கம்ப்யூட்டரே செய்யும் முறை ஒன்றை ஜெர்மனியின் ஹாஃப்மன் 2001-ல் வெளியிட்டார். அடுத்த முறை அதே வட்டத்துக்குத் திரும்பி வருவதற்காக, அவ்விடத்தில் ஊசிமுனையளவு பச்சை குத்திவிடுவதும் உண்டு.

ஒரு லட்சம் முடியை அறிய இத்தனை சிறிய வட்டம் போதுமா என்று கேட்கத் தோன்றும். இதற்கு விடை நம் கழனிகளிலேயே இருக்கிறது. நெல் விளைச்சலை மதிப்பிட அதிகாரிகள் ஊர் முழுவதையும் அறுத்து நிறுப்பதில்லை. 5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள சதுரத்தைக் குறித்து, அதை மட்டும் அறுத்து நிறுத்துப் பார்க்கிறார்கள். கல்கத்தாவில் 1931-ல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை ஸ்தாபித்த மகலனோபிஸ், வங்காளத்துச் சணல் விளைச்சலை இப்படி மாதிரித் துண்டுகளைக் கொண்டு கணக்கிட்டு, இந்த வித்தையில் உலகமே நம்மைத் திரும்பிப் பார்க்கும்படி செய்தார். ஆனால் அதில் ஒரு தர்மம் உண்டு: சதுரத்தை மனம்போல் பொறுக்கக் கூடாது. வரி குறைய வேண்டுபவன் சாவி விழுந்த மூலையைக் காட்டுவான். பெருமை பேச வேண்டுபவன் மடைவாய்ப் பயிரைக் காட்டுவான். தலையிலும் அப்படியே. முடி நட்டுப் பிழைப்பவன் சுழியின் நட்டநடுவைப் படம் பிடித்துக் காட்டினால், யாருக்குத்தான் கலக்கம் வராது?

படம் பொய் சொல்லுமா?

படம் பொய் சொல்லாது. ஆனால் பொய் சொல்வதற்கு உடந்தையாக இருக்கும். நேர் மேலிருந்து கடுமையான விளக்கைப் போட்டால் உச்சி வெளிச்சமாகத் தெரியும். விளக்கைப் பக்கவாட்டில் நகர்த்தினால் அதே உச்சி அடர்ந்து தெரியும். எண்ணெய் தடவின முடியும் ஈர முடியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நடுவிலுள்ள தோலைக் காட்டிவிடும். முடியின் நீளம், வாரிய திசை, தலை குனிந்த அளவு எல்லாம் படத்தை மாற்றும். 'சிகிச்சைக்கு முன்', 'சிகிச்சைக்குப் பின்' என்று விளம்பரங்களில் வரும் ஜோடிப் படங்களில், பல சமயம் மாறியிருப்பது தலையன்று, விளக்கு!

இதனால்தான் ஒழுங்கான மருந்துப் பரிசோதனைகளில், தலையை ஒரே நிலையில் நிறுத்தும் சட்டம், ஒரே தூரம், ஒரே வெளிச்சம், ஒரே சீவல் என்று விதி வைத்துப் படமெடுக்கிறார்கள். எந்தப் படம் முந்தையது என்று தெரியாத நிபுணர்களிடம் கொடுத்து மதிப்பிடச் செய்கிறார்கள். விடைத்தாளில் பெயரை மறைத்துத் திருத்துவதற்கு ஒப்பான ஏற்பாடு இது.

ஆகவே யாரேனும் உங்கள் தலைப் படத்தைக் காட்டினால், பதற்றப்படாமல் ஐந்து கேள்வி கேளுங்கள். எந்த இடத்தில் எடுத்தது? எத்தனை மடங்கு? பிடரிப் படம் எங்கே? எத்தனை முடியை எண்ணினீர்கள், மெலிந்தவை எத்தனை? ஆறு மாதம் கழித்து இதே இடத்தில் மறுபடி எடுப்பீர்களா? நேர்மையான வைத்தியர் இவற்றுக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார். மற்றவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். அதுவும் ஒரு பதில்தானே?

உதிர்வதெல்லாம் வழுக்கை அல்ல

படத்தின் மிகப் பெரிய உபகாரம் இன்னும் ஒன்று இருக்கிறது. வழுக்கையல்லாததை வழுக்கையென்று எண்ணி ஏமாறாமல் அது காக்கிறது. கடுமையான காய்ச்சல், பிரசவம், பெரிய ரண சிகிச்சை ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாக உதிர்வதுண்டு. 2020-க்குப் பிறகு கொரோனா கண்டு பிழைத்த பலர் இதை அநுபவித்தார்கள். வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பல ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுவதே காரணம். இதில் முடியின் எண்ணிக்கை குறையும். ஆனால் தடிமனில் அந்த ஏற்றத்தாழ்வு இராது. பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்குள் தானே அடங்கிவிடும்.

புழுவெட்டில் வேறு காட்சி. அங்கே மேலே தடித்தும் அடியில் மெலிந்தும் நிற்கும் உடைந்த முடிகள் தெரியும். பள்ளிக்கூடத்தில் நாங்கள் கற்பிக்கும் ஆச்சரியக்குறியைப் போலவே இருப்பதால், வைத்தியர்கள் அதற்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். மற்றும் சில வியாதிகளில் மயிர்க்காலின் வாயே அடைபட்டுத் தழும்பாகிவிடும். அதில் தாமதம் கூடாது. அடைபட்ட வாய் மறுபடி திறப்பதில்லை. வழுக்கைதானே என்று எண்ணி எண்ணெய் தேய்த்துக் கொண்டிருந்தால் காலம் கடந்துவிடும். பெண்களுக்கு இரும்புச் சத்துக் குறைவும், தைராய்டுக் கோளாறும், மாதவிடாய் ஒழுங்கின்மையோடு கூடிய ஹார்மோன் மாறுதலும் முடியில் முகம் காட்டுவதுண்டு. ஆதலின் படத்தோடு நாடியும் கேள்வியும் ரத்தப் பரிசோதனையும் சேர வேண்டும். படம் ஒரு சாட்சி. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் வைத்தியர்.

நம் தலைக்கு நம் கோல்

இந்தப் படிகளும் அளவுகளும் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பியத் தலைகளைப் பார்த்து வகுத்தவை. கிழக்காசிய நாட்டினருக்கு, வெள்ளையரைவிட முடியின் எண்ணிக்கை குறைவு, தடிமன் அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். அப்படியிருக்க, வேறொரு நாட்டின் எண்ணை நம் பிள்ளையின் தலையில் வைத்து, நீ குறைந்தவன் என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? இப்போது செயற்கை நுண்ணறிவு என்னும் கம்ப்யூட்டர் வித்தையைக் கொண்டு, படத்தைப் பார்த்த மாத்திரத்தில் முடியை எண்ணிப் படியைச் சொல்லவும் பழக்கி வருகிறார்கள். நல்ல காரியமே, இயந்திரத்துக்குக் களைப்பில்லை, தயவு தாட்சண்யமும் இல்லை. ஆனால் அது தனக்குக் காட்டிய தலைகளைக் கொண்டுதான் பாடம் கற்கிறது. வெளுத்த தோலில் கற்றது, மாநிறத் தோலில் கருமுடியை எண்ணும்போது தடுமாறக் கூடும். ஒன்றின் மேல் ஒன்று படிந்த இரு முடிகளை ஒன்றாகவும், நரைத்த முடியை இல்லாததாகவும் எண்ணிவிடக் கூடும். நம் ஜனங்களின் தலைகளை நம் வைத்தியர்களே எண்ணி, வயதுவாரியாகக் கணக்கு வகுக்க வேண்டும். தன் அளவுகோலைத் தானே செய்துகொள்ளாத தேசம், பிறர் அளந்து கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இதற்கு அஸ்திவாரம் போடப்படாமல் இல்லை. முடி ஆராய்ச்சிக்கென்றே ஒரு சர்வதேசப் பத்திரிகையை இந்திய முடி ஆராய்ச்சிச் சங்கம் 2009 முதல் வெளியிட்டு வருகிறது. மேலே சொன்ன போலந்து வைத்தியர்களின் கணக்கு வெளிவந்ததும் இந்தப் பத்திரிகையில்தான். அதே ஆண்டில் நம் நாட்டு வைத்தியர்கள் 30 முதல் 50 வயதுக்குட்பட்ட 1,005 ஆடவரைப் பரிசோதித்து, நூற்றுக்கு 58 பேருக்குப் பரம்பரை வழுக்கை ஏதேனும் ஓர் அளவில் இருப்பதாக அதில் எழுதினார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு உள்ள ஒன்றை அவமானம் என்று எப்படிச் சொல்வது?

பிள்ளையின் கணக்கு

என் மாணவனை அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் தோல் பிரிவுக்கு அனுப்பினேன். அங்கே இருந்த அம்மையார் முதலில் தலையைப் பார்க்கவில்லையாம், "இந்த வருஷத்தில் காய்ச்சல் ஏதும் வந்ததா?" என்று கேட்டாராம். ஆடி மாதக் கடைசியில் டெங்குக் காய்ச்சல் கண்டு எட்டு நாள் படுத்திருந்தான். முடி கொட்ட ஆரம்பித்தது ஐப்பசியில். கணக்கில் நூறு வாங்கின பிள்ளைக்கு இந்தக் கழித்தல் தோன்றாமல் போயிற்று. பயம் வந்தால் கணக்கு மறந்துவிடுகிறது.

பிறகு உச்சியையும் பிடரியையும் பக்கத்தில் பக்கத்தில் படமெடுத்து எண்ணினார்கள். உச்சியில் நூறு முடிக்கு 22 மெலிந்தவை, பிடரியில் 5. "உதிர்வதில் பெரும்பகுதி காய்ச்சலின் பாக்கி, அது தீர்ந்துவிடும். ஆனால் பரம்பரை வழுக்கையும் தொடங்கியிருக்கிறது. இரண்டாம் படிக்கு மேல் போகவில்லை. இந்த வயதில் முடி நடுவது அவசரம், வழுக்கை எதுவரையில் போகும் என்று தெரிந்த பிறகே அதைப் பற்றி யோசிக்க வேண்டும்" என்றார் அந்த அம்மையார். முழுதும் இனிப்பான செய்தி அல்ல. ஆனால் முழுதும் உண்மையான செய்தி.

வைகாசியில் அதே இடத்தை மறுபடி படமெடுத்தார்கள். உதிர்வது நின்றிருந்தது. உச்சியில் மெலிந்தவை 23. ஒன்று கூடியதே என்று அவன் கேட்டதற்கு, "அது எண்ணும் பிழைக்குள் அடங்கும்; நிலைமை அப்படியேதான் இருக்கிறது" என்றார்களாம். மருந்துகளைப் பற்றியும் ஒளிக்காமல் சொன்னார்கள். மினாக்ஸிடில் என்ற பூச்சு மருந்து 1988-ல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. பூசும் வரையில் பலன், நிறுத்தினால் பலனும் நின்றுவிடும். ஃபினாஸ்டெரைடு என்ற மாத்திரை ஆண்களுக்காக 1997-ல் அங்கீகாரம் பெற்றது. அது சிலருக்கு இல்லற வாழ்வில் தொல்லை தரும். கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது. வைத்தியர் மேற்பார்வையின்றி உட்கொள்ளக் கூடாது. ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு வழியே. வழுக்கையால் உயிருக்கு ஹானியில்லை. மூன்றில் எதை வேண்டுமானாலும் தேர்ந்துகொள், ஆனால் தெரிந்து தேர்ந்துகொள் என்று விட்டுவிட்டார்கள். அவன் பூச்சு மருந்தை ஒரு வருஷம் பூசிப் பார்ப்பதென்றும், எண்பதினாயிரத்தைக் கடன் வாங்குவதில்லை என்றும் தீர்மானித்தான்.

ஆனால் அதற்கு முன் ஒரு பாக்கி இருந்தது. காய்ச்சலில் மகன் பிழைத்தால் முடி இறக்குவதாக அவனுடைய தாயார் அருணாசலேசுவரருக்கு நேர்ந்துகொண்டிருந்தார்கள். முடி கொட்டும் பயத்தில் அவன் அதை ஒத்திப் போட்டுக்கொண்டே வந்தான். இருக்கும் கொஞ்சமும் போனால் திரும்ப வருமோ வராதோ என்ற சந்தேகம். மழித்தால் அடர்ந்து வளரும் என்று சிலர் சொன்ன ஆசை வேறு. மழிப்பதால் முடி வளர்வதும் இல்லை, தளர்வதும் இல்லை என்று மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க அம்மையார் 1928-லேயே அளந்து காட்டிவிட்டார். கத்தி தோலின் மேலே ஓடுகிறது. மயிர்க்கால் அடியிலே இருக்கிறது. இதைச் சொன்னதும், "அப்படியானால் அடுத்த வெள்ளிக்கிழமையே முடித்துவிடலாம், ஸார்" என்றான்.

நானும் கூடப் போயிருந்தேன். அதே நாவிதர்தான் உட்கார்ந்திருந்தார். கத்தியைப் பிடரியில் ஓட்டினார். உச்சிக்கு வந்ததும் கை ஒரு கணம் நின்றது. ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"தெரியும், அண்ணே, நூற்றுக்கு 23" என்றான் பிள்ளை, குனிந்த தலை நிமிராமலே.

நாவிதருக்கு விளங்கவில்லை. தாயார் சிரித்துவிட்டார்கள். ஆறு மாதமாக அந்த வீட்டில் முடியைப் பற்றிப் பேசி ஒருவரும் சிரித்ததில்லை.